ஒரு டீக்கு ஐந்நூறு மீட்டர்

அத்திப்பட்டு,
ஆனி 18, வியாழக்கிழமை.

பாதி கோபமும் பாதி பாசமுமாக எப்போதும் என்னையே நினைத்துக்கொண்டிருக்கும் அக்கா சின்னப்பொண்ணுக்கு, உன் ஒரே தம்பி ஆதிகேசவன் வணங்கி எழுதுவது. இங்கே நான், மோனிகா அம்மா, மோனிகா, மூன்று மாதப் பேரன் எல்லோரும் நலம். ஊத்துக்கோட்டையில் நீயும் சந்திரமோகன் மாமாவும் நலமாக இருக்கப் பெரியபாளையத்து அம்மனை வேண்டுகிறேன். மற்றவர்கள் நலம் என்று எழுதியது முழுக்க உண்மை. நான் நலம் என்று எழுதியதில் மட்டும் இடது காலைக் கழித்துக்கொள்ளவும்.

கையில் போனை வைத்துக்கொண்டு இவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நீ மாமாவிடம் கேட்பாய். போனில் நான் ‘அக்கா’ என்று சொல்லி முடிப்பதற்குள் நீ ஆரம்பித்துவிடுகிறாய். நீ முடிக்கும்போது என் போனில் சார்ஜ் முடிந்துவிடுகிறது. கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. அதனால் இதைக் கடைசிவரை படித்துவிட்டுத் திட்டவும்.

பங்குனி மாதம் மோனிகா பிரசவ வார்டில் கிடந்தபோது, ஆபரேஷனா சுகப்பிரசவமா என்று உள்ளே பேசிக்கொண்டிருக்க, நீ வராந்தாவில் பெரியபாளையம் இருப்பதாக நினைத்த பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டாய். அது கடல் இருக்கும் பக்கம் என்பதை நான் அன்று சொல்லவில்லை. "தாயும் புள்ளையும் நல்லபடியா ஊட்டுக்கு வந்துட்டா, என் தம்பி ஆடி மாசம் அத்திப்பட்டுலேர்ந்து நடந்தே வந்து உனுக்குப் பொங்க வைப்பான் தாயே" என்று வேண்டிக்கொண்டாய். நான் உன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேண்டுதல் உன்னுடையது, கால் என்னுடையது. தாயும் பிள்ளையும் நல்லபடியாக வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அம்மன் தன் பங்கை முடித்துவிட்டாள். இப்போது ஆடி நெருங்குகிறது, நீ வாரத்துக்கு இரண்டு தடவை போன் செய்து செருப்பு வாங்கிவிட்டாயா என்று கேட்கிறாய். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

என் வேலை உனக்குத் தெரியும். இருபத்தேழு வருடமாக கும்மிடிப்பூண்டியில் ஒரே கம்பி ஆலையில் பைப் ஃபிட்டர். காலையில் இங்கே லோக்கல் டிரெயின் ஏறி அங்கே இறங்கினால், ஸ்டேஷனிலிருந்து கம்பெனி கேட் இரண்டு கிலோமீட்டர். இத்தனை வருடமும் அதை ஒரே மூச்சில் நடந்தவன் நான். போன தீபாவளி கழிந்து ஒருநாள், பாதி வழியைத் தாண்டியதும் இடது கெண்டைக்காலை யாரோ ஸ்பேனர் போட்டு முறுக்கியதுபோல் ஒரு வலி. கம்பெனி கொடுத்த புது ஷூதான் காரணம் என்று அதைத் திட்டிக்கொண்டே, பக்கத்தில் இருந்த நூர் அகமது பாயின் டீக்கடையில் ஒதுங்கினேன். மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டு ஸ்ட்ராங்காக ஒரு டீ கொடுத்தார். கடைசி மடக்கு உள்ளே போவதற்குள் வலி போன இடம் தெரியவில்லை. மறுநாள் அதே இடம், அதே வலி, அதே டீ, அதே சுகம். மூன்றாம் நாள் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. என் காலுக்கு மருந்து டீ. அதிலும் அதில் கரைந்திருக்கும் சர்க்கரை. வேலைக்குப் போகிற உடம்பில் சத்து குறைகிறது, இனிப்பு உள்ளே போனதும் ஏறிக்கொள்கிறது. மாத்திரை இல்லை, தைலம் இல்லை. இப்படி ஒரு வைத்தியம் கண்டுபிடித்தும் நான் யாரிடமும் பெருமை பேசவில்லை என்பதை நீ கவனிக்க வேண்டும்.

ஆனால் பாயிடம் எனக்கு மனவருத்தம் வந்துவிட்டது. தீபாவளி சமயத்தில் ஒரு டீக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஓடிய கால், பொங்கலுக்குள் எண்ணூறு மீட்டரில் நின்றுவிட்டது. சித்திரை வந்தபோது ஐந்நூறு மீட்டர். ஸ்டேஷனிலிருந்து கேட் போய்ச் சேர்வதற்குள் மூன்று கடைகளில் மூன்று டீ போட வேண்டியதாகிவிட்டது. வண்டிக்கு மைலேஜ் குறைந்தால் நாம் யாரைப் பிடிப்போம், பெட்ரோல் பங்க்காரனைத்தானே. அதேபோல் நான் பாயைப் பிடித்தேன். சர்க்கரையில் கை வைக்கிறீர்கள், பழைய வீரியம் இல்லை என்று கடையில் நாலு பேர் இருக்கும்போதே சொல்லிவிட்டேன். அந்த மனிதர் பழவேற்காட்டில் தலைமுறை தலைமுறையாக வியாபாரம் செய்த குடும்பம், அளவில் குறை சொன்னால் தாங்கமாட்டார். சர்க்கரை டப்பாவையே என் முன்னால் கவிழ்த்து வைத்துவிட்டு, "இன்னா ஆதி, இதுக்கு மேல போட்டா ஸ்பூன் நிக்கும். உன் காலு கெட்டுப்போயிக்கினு கீது, நீ என் டீய குத்தம் சொல்ற" என்றார். ஒரு வாரம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. டீ மட்டும் குடித்தேன்.

கம்பெனிக்குப் போகும் வழியில் மூன்று இடத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டு, கூட வேலை செய்கிற மணவாளன், உனக்கு வாய் ஜாஸ்தி, கடை கடையாக நின்று கதை அடிக்கிறாய் என்று கிண்டல் செய்கிறான். அது நம் அப்பாவிடமிருந்து வந்தது என்று சொல்லிவைத்தேன். உண்மைதானே அக்கா. அவர் ரேஷன் கடைக்குப் போய்வர அரை நாள் பிடிக்கும். மின்கம்பத்துக்கு ஒருவரை நிறுத்தி வைத்து, உன் மாடு எப்படி இருக்கிறது, உன் மருமகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டுக்கொண்டே போவார். மாடே இல்லாதவனிடமும் கேட்பார். அவ்வளவு பேச்சுக்காரர். ஐம்பத்தெட்டு வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதை விடு, எழுத வந்தது அதில்லை.

சித்திரைக் கடைசியில் கம்பெனியில் மருத்துவ முகாம் போட்டார்கள். வெறும் வயிற்றில் வரச்சொல்லி ரத்தம் எடுத்தார்கள். வெறும் வயிற்றில் என்றால் டீயும் கிடையாது, ஆகவே அன்று ஷேர் ஆட்டோவில் போனேன். நாலு நாள் கழித்து ஒரு டாக்டர் அம்மா ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு கூப்பிட்டார். மோனிகாவைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். மூன்று மாதச் சராசரி பார்க்கிற டெஸ்ட்டில் சர்க்கரை ஆறு புள்ளி இரண்டு, ஆறரை வந்தால்தான் சர்க்கரை நோய், நீங்கள் பார்டரில் இருக்கிறீர்கள் என்றார். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. பார்டர் என்றால் பயப்பட நாம் என்ன வெளியூரா. ஆந்திர எல்லையை ஒட்டி ஆரம்பாக்கத்தில் வீடு கட்டி இருப்பவன் பேரன் பேத்தி எடுத்து அங்கேயே இருக்கிறான், ஒருநாளும் ஆந்திராவுக்குள் தானாக நழுவி விழவில்லை என்று சொன்னேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. பீடி உண்டா என்று கேட்டார், விட்டு ஆறு வருடம் என்றேன். நடந்தால் கால் வலிக்கிறதா என்று கேட்டார். டீ குடித்தால் வலிப்பதில்லை என்று உண்மையைச் சொன்னேன்.

அதைக் கேட்டதும் அந்தப் பெண் எழுந்து வந்து, ஷூவைக் கழற்றச் சொல்லி, கீழே குனிந்து என் பாதத்தைத் தொட்டார். அவ்வளவு படித்த பெண், பெரியவர் என்று மரியாதை கொடுத்துக் காலைத் தொடுகிறதே என்று எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. தலைமேல் கை வைத்து, "நல்லா இரும்மா, சீக்கிரம் நல்ல எடத்துல கல்யாணம் ஆவட்டும்" என்று வாழ்த்தினேன். பின்னால் வரிசையில் நின்ற மணவாளன் மூக்கால் சிரித்தான். டாக்டர் அம்மா தலையை மெதுவாக நகர்த்திக்கொண்டு, தனக்கு ஒரு பெண் குழந்தை இருப்பதாகவும், இப்போது பாதத்தில் நாடி பார்த்துக்கொண்டிருப்பதாகவும், கொஞ்சம் பேசாமல் இருக்கும்படியும் சொன்னார். வலது பாதத்தில் சீக்கிரம் எடுத்துவிட்டார். இடது பாதத்தில் மேலே அழுத்தினார், கணுக்கால் பக்கம் அழுத்தினார், மறுபடி மேலே வந்தார். கையில் நாடி பார்த்துப் பழகியவர்களுக்குக் காலில் தேடத் தெரியாது என்று நான் பொறுமையாக உட்கார்ந்திருந்தேன்.

பிறகு எனக்கே குழாய்ப் பாடம் எடுத்தார் அக்கா. சர்க்கரை முழுதாக வந்த பிறகுதான் ரத்தக் குழாய் கெடும் என்று கிடையாதாம். பார்டரில் ஏறும்போதே குழாயின் உள்சுவர் கெட ஆரம்பிக்குமாம், கொழுப்பு வந்து ஒட்டுமாம், வருடக்கணக்கில் சத்தமில்லாமல் உள்வழி சுருங்குமாம். நான் விடுவேனா. போன வருடம் எங்கள் ஆலையில் நடந்ததை எடுத்துவிட்டேன். உலைக்குப் போகிற கூலிங் வாட்டர் லைன், பம்ப் பக்கத்தில் கேஜ் பார்த்தால் பிரஷர் சரியாக இருக்கிறது, எஞ்சினியர்கள் எல்லோரும் லைன் நல்லாயிருக்கிறது என்கிறார்கள், நான் ஒருவன்தான் வெட்டிப் பார்க்கலாம் என்றேன். வெட்டினால் ஆறங்குலக் குழாய்க்குள் சுற்றிலும் உப்புப் படிந்து, நடுவில் என் பென்சில்கூட நுழையவில்லை. உலை குறைச்சலாக ஓடும்போது தண்ணீர் போதும், முழு லோடில் ஓடும்போதுதான் பற்றாமல் போகும், அதனால் யாருக்கும் தெரியவில்லை. இதைச் சொன்னால் இந்தப் பெண்ணுக்கு என் அனுபவம் புரியும் என்று பார்த்தேன். "அதேதான் சார் உங்க கால்ல நடக்குது. கால்ல அடைச்சிருந்தா இதயத்திலயும் அடைச்சிருக்கலாம். உடனே பார்க்கணும்" என்று சொல்லி, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். காலுக்கு ஸ்கேன், நெஞ்சுக்கு ஈ.சி.ஜி. அது இரும்புக் குழாய் அம்மா, ஓடியது போர் தண்ணீர், எனக்குள் ஓடுவது ரத்தம் என்று சொல்லிவிட்டு வந்தேன். சீட்டை நான் வீணாக்கவில்லை. நூர் அகமது பாய் கடை வாசல் பெஞ்சு ரொம்ப நாளாக ஆடிக்கொண்டிருந்தது. நாலாக மடித்து அதன் காலுக்கு அடியில் வைத்தேன். இப்போது கிண்ணென்று நிற்கிறது. அந்த உதவியால்தான் பாய் என்னோடு மறுபடி பேசினார்.

ரிப்போர்ட் பேப்பர் மோனிகா கையில் சிக்கியது, அதிலிருந்து வீட்டில் பேஜார். மோனிகா அம்மா சர்க்கரை டப்பாவை ஒளித்தாள். அரிசி மூட்டைக்குள் தேடினேன், பீரோவில் தேடினேன், கடைசியில் வாஷிங் மெஷினுக்குள் பேரனின் துணிக்கு அடியில் இருந்தது. கண்டுபிடித்ததும் ஒரு பொட்டலம் மடித்து பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு டிரெயின் ஏறினேன். டீக்கடை இல்லாத இடத்தில் வலி வந்தால் அவசரத்துக்கு வேண்டுமே. பொட்டலம் பிரிந்தது எனக்குத் தெரியாது. மீஞ்சூர் தாண்டுவதற்குள் எங்கிருந்தோ எறும்பு ஏறி, என் தொடை வழியாகப் பக்கத்து சீட்டுக்காரர் மடிக்குப் போய்விட்டது. அவர் துள்ளி எழுந்து நின்று, எறும்பு இவ்வளவு மொய்க்கிறதென்றால் உங்களுக்குச் சர்க்கரை முற்றிவிட்டது என்று சத்தமாகச் சொல்ல, பெட்டியே திரும்பிப் பார்த்தது. பொன்னேரியில் ஏறிய ஒரு அம்மா வெந்தயம் சொன்னாள். இன்னொருவர் ஆவாரம்பூ சொன்னார். கும்மிடிப்பூண்டியில் இறங்கும்போது என் கையில் மூன்று சித்த வைத்தியர்களின் போன் நம்பர் இருந்தது. பாக்கெட்டில் சர்க்கரை இருந்தது என்பதை அத்தனை பேருக்கு நடுவில் எப்படிச் சொல்வது, நோயாளியாகவே இறங்கிவிட்டேன்.

சரி, கடை கடையாக நிற்பதால்தானே பேச்சு வருகிறது என்று, மறுவாரம் பிளாஸ்கில் டீ போட்டு எடுத்துக்கொண்டு நடந்தபடியே குடித்துப் பார்த்தேன். முழு பிளாஸ்க் காலி, வலி அப்படியே இருக்கிறது. சட்டை முழுக்க டீ. பிளாஸ்கில் ஊற்றினால் டீயின் குணம் போய்விடுகிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். கடைசியில் ஒரு சுவரில் சாய்ந்து சட்டையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது வலி விட்டது. குடித்தது மெதுவாக வேலை செய்கிறது போலிருக்கிறது.

இப்போது வேண்டுதல் கணக்குக்கு வருகிறேன். அத்திப்பட்டிலிருந்து பெரியபாளையம் முப்பத்தைந்து கிலோமீட்டர். ஒரு டீக்கு ஐந்நூறு மீட்டர் என்றால் எழுபது டீ. எழுபது டீ குடித்தவன் எத்தனை இடத்தில் வேப்ப மரத்துக்குப் பின்னால் ஒதுங்க வேண்டியிருக்கும் என்பதை நீயே யோசித்துப் பார். அது அம்மனுக்கு மரியாதையா. ஆகவே என் வேண்டுகோள் இரண்டில் ஒன்று. நீ ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய், வாயால் வேண்டியதை வாயாலேயே திருத்தி, தம்பி ஆரணி ஆற்றுப் பாலம் வரை வேனில் வருவான், அங்கிருந்து நடப்பான் என்று சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் மாமாவின் மினி லோடு வண்டியில் கேஸ் அடுப்பும் பால் கேனும் வைத்துக்கொண்டு நீ எனக்கு முன்னால் போக வேண்டும், ஐந்நூறு மீட்டருக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி டீ தர வேண்டும், சர்க்கரை மூன்று ஸ்பூன். இதில் எது என்று பதில் போடவும். ஆஸ்பத்திரி, ஸ்கேன் என்று மோனிகா உன்னிடம் போனில் அழுதால், சின்னப் பெண், பிள்ளை பெற்ற உடம்பு, எல்லாவற்றுக்கும் பயப்படுகிறாள் என்று சமாதானம் சொல்லவும். எனக்கு ஒன்றும் இல்லை. நிற்கும்போது உட்காரும்போது படுக்கும்போது ஒரு வலியும் கிடையாது. நடக்கும்போது மட்டும்தான்.

மாமாவுக்கு என் வணக்கம். அவருடைய முழங்காலுக்கு வெந்தயமும் ஆவாரம்பூவும் நல்லது என்று டிரெயினில் சொன்னார்கள். பேரனுக்கு உன் ஜாடை, அழும்போது மட்டும். உனக்கும் உன் வீட்டுக்கும் குறைவில்லாமல் எல்லாம் நடக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்,

உன் தம்பி,
ஆதிகேசவன்.

பின்குறிப்பு: அக்கா, மேலே எழுதியதை நாலு நாளாகச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன், தபால் பெட்டியில் போட மறந்துவிட்டேன். போடாததும் நல்லதாகப் போயிற்று. இன்று திங்கட்கிழமை. காலையில் நடந்து போகும்போது வழக்கமான இடத்தில் வலி வந்தது. பாய் கடை மூடியிருந்தது. பழவேற்காட்டில் அவர் தங்கை மகளுக்கு நிக்காஹ்வாம். அடுத்த கடை வரை எப்படிப் போவது என்று ஷட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு சொட்டு டீ இல்லை, ஒரு கல் சர்க்கரை இல்லை. இரண்டு நிமிஷத்தில் வலி போய்விட்டது.

நம்பாமல் அடுத்த கடைக்கு நடந்தேன், வலி வந்தது, அங்கே கடை திறந்திருந்தும் குடிக்காமல் நின்றேன், போய்விட்டது. கம்பெனி கேட் வாசலிலும் அப்படியே. எட்டு மாதமாக என்னைச் சரி செய்தது டீ இல்லை அக்கா. நின்றதுதான். லோடு குறைந்தால் தண்ணீர் போதும், முழு லோடில்தான் பற்றாது. இதை நானே அந்தப் பெண்ணுக்கு வாயாரச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். என் பென்சில் ஞாபகம் வந்தது. இன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. திரும்பி வந்து, பாய் கடைப் பெஞ்சைத் தூக்கி அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டேன். அழுக்காகியிருக்கிறது, எழுத்து தெரிகிறது. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். அது மறுபடி ஆடுகிறது, அதனால்தான் கையெழுத்து இப்படி.

அம்மனிடம் எதையும் திருத்தாதே. பாயிடம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நாளைக் காலை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், மோனிகா அம்மா கூட வருகிறாள். இது உன் கைக்கு வரும்போது ஸ்கேன் எடுத்திருப்பார்கள். நீயும் வந்துவிடு. எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்னொன்று கேட்க வேண்டும். சின்ன வயதில் ரேஷன் கடைக்கு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனது நீதான். அவர் மின்கம்பத்துக்கு மின்கம்பம் நின்று மாட்டை விசாரித்தாரே, நிற்கும்போது கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டாரா? நன்றாக யோசித்துச் சொல். அவர் பேசுவதற்காகத்தான் நின்றாரா அக்கா?